கட்டடமும் கணக்கும்

கட்டடத்தை எழுப்புவோர் ஒரு பயன் கருதி எழுப்புகின்றனர். காலமோ அதற்கு வேறொரு பயனை வழங்கிவிடுகிறது. மாளிகை அலுவலகமாவதும், பண்டகசாலை உணவகமாவதும் எங்கும் காணும் நிகழ்ச்சிகளே. எனினும், வங்கிக் கட்டடம் வேறொன்றாக மாறுங்கால் தனியானதொரு வினா எழுகின்றது. வங்கி என்பது பிறர் பொருளைக் காக்கும் இடம். வங்கி வெளியேறிய பின்னர் அக்கட்டடம் எதனைக் காக்கின்றது? யாருடைய கணக்கை நினைவூட்டுகின்றது?

இவ்வினாவை ஆராய்வதற்குக் கோலாலம்பூர் மெர்டேக்கா சதுக்கத்தின் ஓரத்தில் நிற்கும் பழைய சார்ட்டர்ட் வங்கிக் கட்டடம் தக்க சான்றாகும். 1897இல் எழுந்த சுல்தான் அப்துல் சமாட் மாளிகைக்கு அண்மையில், குவிமாடங்களும் வளைவுகளும் கொண்டு அது நிற்கின்றது. 1853இல் இலண்டனில் தோன்றிய இந்திய, ஆஸ்திரேலிய, சீனச் சார்ட்டர்ட் வங்கி, ஈயமும் ரப்பரும் செழித்த காலத்தில் இங்கே கோலோச்சியது. பின்னர் வங்கி நீங்க, கட்டடம் பல கை மாறியது. 1996இல் அது தேசிய வரலாற்று அருங்காட்சியகமாயிற்று. 2007இல் அவ்வருங்காட்சியகம் மூடப்பட்டு, அதன் பொருள்கள் தேசிய அருங்காட்சியகத்திற்கு மாற்றப்பட்டன. அதன்பின் அக்கட்டடம் இசை அருங்காட்சியகமாக உருமாறியது. பணம் இருந்த இடத்தில் வரலாறும், வரலாறு இருந்த இடத்தில் இசையும் குடிபுகுந்தன. ஆயினும், மக்கள் அதனை இன்றும் பழைய வங்கியின் பெயராலேயே குறிக்கின்றனர்.

இக்கட்டடத்தைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் இரு செய்திகளோடு நின்றுவிடுவர். ஒன்று, அதன் கட்டடக் கலை. மற்றொன்று, 1926ஆம் ஆண்டுப் பெருவெள்ளம். கிள்ளான் ஆறு கரைபுரண்டு நிலவறைக்குள் நீர் புகுந்ததாகவும், நனைந்த பணத்தாள்களை எதிரிலிருந்த திடலில் பரப்பி, காவலிட்டு வெயிலில் உலர்த்தியதாகவும் கூறுவர். சுவையான செய்தியே. ஆனால், அந்தத் தாள்கள் எவருடைய உழைப்பின் வடிவம் என்னும் வினா அச்சுவையில் கரைந்துவிடுகின்றது. பணம் நனைந்ததை நினைவில் வைத்திருக்கும் நாம், அதனை ஈட்டியவர் வியர்வையில் நனைந்ததை மறக்கலாமா?

தோட்டப் பாட்டாளி அத்தகைய வங்கியின் படியேறியவன் அல்லன். ஆயினும் பால்மரக் காட்டிற்கும் வங்கியின் பளிங்குத் தரைக்கும் இடையே அறுபடாத சங்கிலி ஒன்று இருந்தது. ஐரோப்பிய வங்கிகள் தோட்ட நிறுவனங்களுக்குக் கடன் வழங்கின. செட்டியார்களும் அவ்வங்கிகளிடம் கடன் பெற்று, சிறு நில உடைமையாளர்க்கும் வணிகர்க்கும் வட்டிக்கு விட்டனர். திகாம் பத்து, சுங்கைப் பட்டாணி வட்டாரத் தோட்டங்களுக்குச் சம்பள நாளில் வந்து சேர்ந்த காசும் நகரத்து வங்கியொன்றின் முகப்பைக் கடந்து வந்ததேயாம். லயத்தில் அக்காசு ஓரிரு நாளே தங்கியது; மளிகைக் கடைப் பற்று வரவில் மறைந்தது. சங்கிலியின் ஒரு முனைக்குத் தூணும் மாடமும் கிடைத்தன. மறுமுனைக்குப் பெயர்ப்பலகையும் இல்லை.

பிற இடங்களோடு ஒப்பிட்டால் இம்மாற்றத்தின் தன்மை மேலும் தெளிவாகும். சென்னைக் கடற்கரைச் சாலையில் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் சென்னை வங்கிக்கென ஒரு மாளிகை எழுந்தது. 1921இல் அவ்வங்கி இம்பீரியல் வங்கியோடு இணைந்தது. 1955இல் அது பாரத ஸ்டேட் வங்கியாயிற்று. அங்கே பெயர் மாறியது, தொழில் நிலைத்தது. கோலாலம்பூரிலோ தொழில் மாறியது, பெயர் நிலைத்தது. இரண்டும் நிலைக்காத வரலாறும் ஒன்றுண்டு. இந்தியன் வங்கி, 1937இல் தோன்றிய இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, யுனைடெட் கமர்ஷியல் வங்கி ஆகியவற்றின் மலேசியக் கிளைகள் 1973இல் ஒன்றிணைந்து யுனைடெட் ஏசியன் வங்கியாயின. 1991இல் அதுவும் வேறொரு வங்கியோடு கலந்தது. முதலிரண்டும் தமிழகத்துச் செட்டிநாட்டார் முன்னின்று வளர்த்தவை. நம் முன்னோர் சேமிப்பைச் சுமந்த அப்பெயர்களை இன்றைய மாணவருள் எத்தனை பேர் அறிவர்?

இனி, தூணே இல்லாத ஒரு கருவூலத்தையும் இவ்வரிசையில் வைத்து எண்ணுதல் வேண்டும். 1950களில் தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டபோது, வேலையும் வீடும் ஒருசேர இழந்தோர் பலர். அந்நிலையில், 1960இல் துன் வீ. தி. சம்பந்தன் முயற்சியால் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. நூறு வெள்ளிப் பங்கினை மாதம் பத்து வெள்ளியாகச் செலுத்தும் வாய்ப்பு பாட்டாளிக்குக் கிட்டியது. அவ்வாறு திரண்ட பணத்தில் சங்கம் முதன்முதலில் வாங்கியது கெடா மாநிலத்துப் புக்கிட் சிடிம் தோட்டமாகும். எந்தக் குவிமாடத்தின் கீழும் எண்ணப்படாத அப்பத்து வெள்ளிகள் நிலமாக மாறின. வங்கி என்னும் சொல்லின் உண்மைப் பொருளுக்கு இதனினும் சிறந்த விளக்கம் அரிது.

பழைய கட்டடத்திற்குப் புதுப்பயன் நல்குவதைக் குறைகூறுதல் இவண் நோக்கமன்று. பயனற்ற கட்டடம் பாழடையும், பாழடைந்தது இடிக்கப்படும். இசையோ வரலாறோ குடிபுகுந்ததால்தான் அக்கட்டடம் இன்றும் நிற்கின்றது. ஒரே கட்டடம் எல்லார் கதையையும் கூறவியலாது என்பாரும் உளர். அதுவும் உண்மையே. ஆயினும், பழைய பயனை மறைத்துப் புதிய பயனை ஏற்றுவது ஒன்று. பழையதை உணர்த்திப் புதியதைச் சேர்ப்பது மற்றொன்று. முன்னது சுவருக்குப் பூசும் வண்ணம், பின்னது வரலாறு. அருங்காட்சியகமாகும் எந்த வங்கிக்கும் முதற் காட்சிப்பொருள் அதன் நிலவறையே. அங்கே என்ன வைக்கப்பட்டது, எங்கிருந்து வந்தது, யாரிடம் சென்றது என்னும் மூன்று வினாக்களுக்கும் விடை கூறாத காட்சி முழுமையானதன்று.

இக்குறையை நீக்கும் பணியில் பள்ளிக்கும் பங்குண்டு. கல்விச் சுற்றுலாவாகத் தலைநகர் செல்லும் மாணவர், வளைவுகளை எண்ணிப் படம் வரைவதோடு அமைதல் ஆகாது. தம் பாட்டனார் சம்பளச் சீட்டையும், கூட்டுறவுச் சங்கப் பங்குச் சீட்டையும், வீட்டுப் பெட்டியின் அடியில் கிடக்கும் பழைய சேமிப்புப் புத்தகத்தையும் அவர்கள் முதலில் படித்தறிதல் வேண்டும். அவற்றைப் படித்துவிட்டு அக்கட்டடத்தின் முன் நிற்கும் மாணவனுக்கு அது அயலார் மாளிகையாகத் தோன்றாது. தன் குடும்பக் கணக்கின் ஒரு பக்கம் அங்கேயும் எழுதப்பட்டது என்பதை அவன் உணர்வான்.