டார்வினின் சேவலும் ஒரு மஞ்சள் காலும்

பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பங்களில் கருவாடு உலரும் இடத்தருகே மேயும் கோழிகளின் கால்களைக் கவனியுங்கள். மஞ்சள் கால் ஒன்று கண்ணில் பட்டால், டார்வினின் முடிவு ஒன்றை அதைக் கொண்டே சோதிக்கலாம்.

வளர்ப்பு விலங்குகள், தாவரங்களின் மாறுபாடு பற்றி 1868இல் அவர் வெளியிட்ட நூலில் ஒரு கலப்புச் சோதனை வருகிறது. கறுப்பு ஸ்பானியச் சேவலை வெள்ளைப் பட்டுக்கோழியுடன் இணைத்தார். குஞ்சுகள் பெரும்பாலும் கறுப்பு. ஒரு சேவல் மட்டும் வளர வளரச் செங்காட்டுக்கோழியின் இறகு நிறத்தைப் பெற்றது! வீட்டுக்கோழிகளுக்கு அதுவே மூதாதை என்பதற்கு இதையும் ஒரு சான்றாக்கினார். நிறத்துக்காகக் கோழி வளர்ப்போர் இன்றும் படிக்கத்தக்க பகுதி இது. ஆனால், தென்னிந்தியாவின் சாம்பல் காட்டுக்கோழிக்கு மூதாதையரில் இடமில்லை என்று அவர் ஒதுக்கியது சரியன்று. இறகு சொன்ன கதை தோலுக்குப் பொருந்தவில்லை. மஞ்சள் தோலுக்குரிய மரபணு வடிவம் அந்தப் பறவையிடமிருந்தே வந்தது என 2008இல் வெளியான ஆய்வு காட்டியது.

அந்த வடிவம் மஞ்சளை உண்டாக்குவதில்லை. தீனியில் வரும் கரோட்டினாய்டுகளைச் சிதைக்கும் நொதியைத் தோலில் குறைக்கிறது, அவ்வளவே. தீனியில் அவை இல்லையேல் கால் வெளிறும். ஏரியில் நிற்கும் பூநாரையின் இளஞ்சிவப்பும் இரையால் வந்ததே. அங்கே அது இறகிலேயே ஏறுகிறது. கோழி இறகின் கறுப்பும் செம்பழுப்புமோ உடலே செய்துகொள்ளும் மெலனின் என்னும் நிறமியால் வருபவை. நிறத் தீனி போட்டுச் சேவலின் இறகைச் சிவப்பாக்க முயல்வோர் தீனிக் காசை மிச்சப்படுத்தலாம்.