சாலை விலகிய கல்லறை

போஹீமியாவை விட்டு நெப்ராஸ்கா சமவெளியில் குடியேறிய செக் மக்களைப் பற்றிய புதினம், வில்லா கேதரின் 'என் அந்தோனியா' (1918). தாயகத்தில் வயலின் இசைத்த ஷிமெர்தா, புதுமண்ணில் அதைத் தொடாமலே ஏங்கித் தற்கொலை புரிகிறார். நார்வேயர் ஆலயத்தார் தம் கல்லறைத் தோட்டத்தில் இடம் மறுக்க, அவரது நிலத்தின் மூலையிலேயே அடக்கம் நடக்கிறது. பின்னாளில் அமைந்த சாலைகளோ அக்கல்லறையை மிதியாமல் வளைந்து செல்கின்றன. மகள் அந்தோனியாவின் துயரை ஜிம்மின் நினைவு வழியாகவே அறிகிறோம் என்பது நூலின் குறை. ஆயினும் எவரையும் கடிந்துரையாத அந்த வளைவே அதன் சிகரம். மனமறிந்து தற்கொலை புரிந்தோருக்கு 1917-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம் அடக்கச் சடங்கை மறுத்தது; 1983-ஆம் ஆண்டுச் சட்டத்தில் அத்தடை இல்லை. சாலை முன்னரே காட்டிய இரக்கத்தை நாம் பிந்தியே கற்றோம்.