இ.சி.ஜி. கம்பிகள்: ஒரு திறனாய்வு

நூல்களைத் திறனாய்வு செய்கிறோம்; நாடகத்தையும் திரைப்படத்தையும் செய்கிறோம். ஒரு மருத்துவக் கருவியை, அதிலும் அதன் வாலாகத் தொங்கும் கம்பிகளைத் திறனாய்வு செய்வதா என்று வாசகர்கள் வியக்கலாம். மனிதன் ஆக்கிய பொருள் எதுவாயினும் அது எதற்காக ஆக்கப்பட்டது, அந்தப் பணியை எவ்வளவு நன்றாகச் செய்கிறது என்று கேட்கலாம் அன்றோ? உயிரோடு தொடர்புடைய பொருளைப் பற்றி இக்கேள்வியைக் கேட்டே ஆக வேண்டும்.

இ.சி.ஜி. கருவியின் கம்பிகளை நான்கு அளவுகோல்களால் எடை போடுவோம். செய்தியைச் சிதையாமல் கொண்டு செல்கின்றனவா? எங்கே பொருத்த வேண்டும் என்பதைத் தெளிவாகச் சொல்கின்றனவா? நோயாளிக்குத் தீங்கு வராமல் காக்கின்றனவா? நாள்பட உழைக்கின்றனவா?

கம்பி வந்த கதை

இதயத் தசை ஒவ்வொரு துடிப்பின்போதும் சிறிதளவு மின்சாரத்தை உண்டாக்குகிறது. தோலின் மேற்பரப்பில் அதன் அளவு ஏறத்தாழ 1 மில்லி வோல்ட். டார்ச் விளக்கின் மின்கலம் தருவது 1.5 வோல்ட், அதில் 1,500-இல் ஒரு பங்குதான் இது. அதே அறையின் சுவரில் 230 வோல்ட் மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கிறது. திருவிழாக் கூட்டத்தில் ஒருவர் முணுமுணுப்பதைக் காது கொடுத்துக் கேட்பது போன்ற வேலை இது.

இந்த முணுமுணுப்பைத் துல்லியமாகப் பதிவு செய்யும் வழியைக் கண்டவர் டச்சு அறிவியலார் வில்லெம் ஐந்தோவன். அவர் பிறந்தது ஜாவாத் தீவில், 1860-இல். அவர் அமைத்த கருவியின் எடை ஏறத்தாழ 270 கிலோ. நோயாளி இரு கைகளையும் இடக் காலையும் உப்பு நீர் நிரம்பிய பாத்திரங்களில் வைத்துக்கொண்டு அமர்ந்திருப்பார். அக்கருவியை மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்ல இயலாது. ஆகவே 1905-இல் லைடன் நகர மருத்துவமனையிலிருந்து தம் ஆய்வகத்துக்கு, ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீட்டர் தொலைவுக்கு, தொலைபேசிக் கம்பி வழியே இதயத்தின் மின்னலையை வரவழைத்தார். 1924-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

அன்று மூன்று உறுப்புகளிலிருந்து மூன்று கம்பிகள். இன்று பத்து: கை கால்களுக்கு நான்கு, மார்புக்கு ஆறு. ஆனால் "பன்னிரண்டு லீட் இ.சி.ஜி." என்கிறார்கள். பத்துக் கம்பியில் பன்னிரண்டு எப்படி வரும் என்று மாணவர்கள் குழம்புவது இயல்பு. ஆங்கிலத்தில் கம்பிக்கும் லீட் என்றே பெயர். இரு புள்ளிகளுக்கு இடையேயுள்ள மின்னழுத்த வேறுபாட்டை ஒரு கோணத்திலிருந்து காட்டும் படத்துக்கும் அதே பெயர். ஒரு சொல்லை இரு பொருளுக்கு வைத்ததால் வந்த வினை இது. நாம் முன்னதைக் கம்பி என்றும் பின்னதை நோக்கு என்றும் சொல்வோம். கை கால்களிலிருந்து ஆறு நோக்குகள், மார்பிலிருந்து ஆறு, ஆகப் பன்னிரண்டு. வலக் காலில் மாட்டும் கம்பி எந்த நோக்கிலும் நேரடியாகச் சேராது. குறுக்கீட்டை அடக்குவதே அதன் தொண்டு.

பாராட்டத்தக்கவை

முதல் அளவுகோலில் இக்கம்பிகள் நன்றாகவே தேறுகின்றன. ஒவ்வொரு கம்பியையும் சுற்றி ஒரு மெல்லிய உலோக உறை இருக்கிறது. சுவரிலிருந்து வரும் மின்புலம் அந்த உறையோடு நின்றுவிடுகிறது. ஒழுங்கின்றித் துடிக்கும் இதயத்துக்கு மின் அதிர்ச்சி கொடுக்கும்போது கருவி பழுதாகாதிருக்கக் கேபிளுக்குள்ளேயே மின்தடைகள் வைக்கப்படுகின்றன. கண்ணுக்குத் தெரியாத இந்த ஏற்பாடுகள் நல்ல பொறியியலின் அடையாளம்.

ஆனால் காந்தப்புலத்தை உலோக உறை அவ்வளவாகத் தடுப்பதில்லை. டைனமோ இயங்கும் தத்துவத்தை நினைத்துப் பாருங்கள். மாறும் காந்தப்புலத்தில் ஒரு கம்பி வளையம் இருந்தால் அதில் மின்னியக்கு விசை தூண்டப்படும். வளையத்தின் பரப்பு கூடினால் விசையும் கூடும். கைக்கொன்றும் காலுக்கொன்றுமாக விரிந்து கிடக்கும் இ.சி.ஜி. கம்பிகளும் நோயாளியின் உடலும் சேர்ந்து அத்தகைய வளையமாகின்றன. கம்பிகளை ஒன்றோடொன்று சேர்த்து, உடலை ஒட்டி, மின்விசிறி, மின்விளக்கு ஆகியவற்றின் கம்பிகளை விட்டு விலக்கி வைத்தால் வளையம் சுருங்கும், குறுக்கீடும் குறையும். கம்பிகளை ஒழுங்காக வைப்பது அழகுக்காக மட்டும் என்று எண்ணுவோர் ஃபாரடேயை மறந்தவர்கள். சோதிக்கவும் எளிய வழி உண்டு. தாள் நொடிக்கு 25 மி.மீ. நகர்கிறது, நம் மின்சாரம் நொடிக்கு 50 சுற்று. ஒரு மில்லிமீட்டருக்கு இரண்டு சிற்றலைகள் தெரிந்தால் அது இதயத்திலிருந்து வந்ததன்று, சுவரிலிருந்து வந்தது.

நிறத்தில் ஒரு குழப்பம்

இரண்டாம் அளவுகோலில்தான் இக்கம்பிகள் தோற்கின்றன.

உலகில் இரு நிற முறைகள் வழக்கில் உள்ளன. ஐ.இ.சி. என்னும் பன்னாட்டு மின்தொழில்நுட்ப ஆணையத்தின் முறையில் வலக் கைக்குச் சிவப்பு, இடக் கைக்கு மஞ்சள், இடக் காலுக்குப் பச்சை, வலக் காலுக்குக் கருப்பு. அமெரிக்க முறையில் வலக் கைக்கு வெள்ளை, இடக் கைக்குக் கருப்பு, இடக் காலுக்குச் சிவப்பு, வலக் காலுக்குப் பச்சை. நம் நாட்டுக்கு இருவகைக் கருவிகளும் வருகின்றன.

கொங்கு நாட்டு வாசகர்களுக்கு முதல் முறை எளிதாக மனத்தில் பதியும். தோட்டத்துப் பம்புசெட் மோட்டாருக்கு வரும் மும்முனை மின்சாரத்தில் சிவப்பு, மஞ்சள், நீலம் என்று கம்பிகள், கருப்பு நியூட்ரல். இ.சி.ஜி.யிலும் கருப்புக் கம்பியை நியூட்ரல் என்றே குறிக்கிறார்கள். ஆனால் அமெரிக்க முறையில் பழகிய ஒருவர் ஐ.இ.சி. கேபிளை அவசரத்தில் எடுத்தால் என்ன ஆகும்? பழக்கத்தின்படி சிவப்பை இடக் காலிலும், கருப்பை இடக் கையிலும், பச்சையை வலக் காலிலும் மாட்டுவார். மிஞ்சிய மஞ்சள் வலக் கைக்குப் போகும். நான்கில் ஒன்றுகூடச் சரியான இடத்தில் இராது!

விளைவை நீங்களே கணக்கிடலாம். முதல் நோக்கு என்பது இடக் கை அழுத்தத்திலிருந்து வலக் கை அழுத்தத்தைக் கழித்தது. இரண்டாம் நோக்கு இடக் காலிலிருந்து வலக் கையைக் கழித்தது. மூன்றாவது இடக் காலிலிருந்து இடக் கையைக் கழித்தது. மேலே சொன்னபடி கம்பிகள் மாறினால் இரண்டாம் நோக்கில் கருவி வலக் காலுக்கும் இடக் காலுக்கும் உள்ள வேறுபாட்டையே அளக்கும். இரு கால்களும் இதயத்துக்கு வெகு தொலைவில் இருப்பதால் வேறுபாடு ஏறத்தாழச் சுழி, கோடு தட்டையாகிவிடும். முதல் நோக்கு தலைகீழாகும். மூன்றாம் நோக்கில் இரண்டாவதன் படம் வந்து உட்காரும்.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனியுங்கள். முதல் நோக்கையும் மூன்றாம் நோக்கையும் கூட்டினால் இரண்டாம் நோக்கு வரும் என்பது ஐந்தோவன் விதி. கம்பிகளை எப்படி மாற்றி மாட்டினாலும் இவ்விதி பொய்க்காது. ஏனெனில் அது வெறும் கழித்தல் கணக்கு. ஆகவே கணக்கைக் கொண்டு தவற்றைப் பிடிக்க முடியாது. பம்புசெட்டில் இரண்டு பேஸ்களை மாற்றிக் கொடுத்தால் மோட்டார் எதிர்ப்புறம் சுற்றும். தண்ணீர் சரியாக வராததைக் கண்டு விவசாயி உடனே நிறுத்திவிடுவார். இ.சி.ஜி. கருவியோ தவறான படத்தையும் சரியான படத்தைப் போலவே அமைதியாக அச்சிட்டுக் கொடுக்கிறது. சில புதிய கருவிகள் ஐயத்தைத் தெரிவித்து எச்சரிக்கின்றன. எல்லா மாற்றங்களையும் அவை பிடிப்பதில்லை.

இது அரிதாக நடப்பதும் அன்று. 2007-இல் வெளியான ஓர் ஆய்வில், புறநோயாளிகளின் இ.சி.ஜி.யில் 0.4 விழுக்காடும், தீவிர சிகிச்சைப் பிரிவில் 4 விழுக்காடும் கம்பி மாற்றத்தால் தவறாக எடுக்கப்பட்டிருந்தன. அவசரம் கூடிய இடத்தில் தவறு பத்து மடங்கு. பதற்றமான நேரத்தில் மனிதன் தவறுவான் என்பதை முன்கூட்டியே எண்ணிச் செய்வதே நல்ல வடிவமைப்பு.

விலை கொடுத்துக் கற்ற பாடம்

மூன்றாம் அளவுகோல் பாதுகாப்பு. ஒரு காலத்தில் இக்கம்பிகளின் நுனியில் உலோக ஊசி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். 1986-இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் நான்கு வயதுச் சிறுமியின் உடலில் பொருத்தியிருந்த மானிட்டர் கம்பிகள், தவறுதலாக மின்சாரம் ஓடும் கம்பியோடு இணைக்கப்பட்டதால் அக்குழந்தை இறந்தாள். 1993-இல் சிகாகோவில் ஒரு கைக்குழந்தை அதே முறையில் இறந்தது. இதன் பிறகு 1997-இல் அமெரிக்க அரசின் உணவு, மருந்து நிர்வாகம் வெளியே நீட்டிய ஊசியுள்ள கம்பிகளை விலக்கும் விதியைக் கொண்டுவந்தது. இப்போதைய கம்பியின் நுனியில் துளையே இருக்கிறது. ஊசி கருவியின் பக்கம் பாதுகாப்பாக உள்ளே இருக்கிறது. சுவர் பிளக்கில் அதைச் செருகவே முடியாது.

"கவனமாக இருங்கள்" என்று செவிலியரிடம் சொல்வதோடு நின்றிருந்தால் சாவுகள் தொடர்ந்திருக்கும். தவறு செய்ய இயலாதபடி பொருளையே மாற்றினார்கள், சாவு நின்றது. நிறக் குழப்பத்துக்கும் இதே மருந்து ஏன் கூடாது என்பதே நம் கேள்வி.

பெட்டி சுருங்கியது, கேபிள் சுருங்கவில்லை

இந்த நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் பெங்களூரு ஆய்வு மையம் மேக் 400 என்ற சிறிய இ.சி.ஜி. கருவியை உருவாக்கியது. மின்கலத்தில் இயங்குவது, கையில் எடுத்துச் செல்லத்தக்கது, பேருந்துச் சீட்டு அச்சிடுவதைப் போன்ற சிறு அச்சுப்பொறியைக் கொண்டது. கிராமப்புற மருத்துவருக்கேற்ற நல்ல முயற்சி. ஆயினும் அந்தச் சின்னப் பெட்டியிலிருந்தும் அதே பத்துக் கம்பிகள்தாம் தொங்கின. மின்னணுப் பகுதிக்குக் கிடைத்த சிந்தனையில் ஒரு பங்கு கம்பிக்குக் கிடைக்கவில்லை.

சத்தியமங்கலம் பகுதியை எடுத்துக்கொண்டால் இதன் கனம் விளங்கும். தாளவாடி மலைப்பகுதியில் ஒருவருக்கு நெஞ்சுவலி வந்தால் திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து சத்தியமங்கலம் வர வேண்டும். அங்கிருந்து கோவை ஏறத்தாழ 70 கி.மீ. அடைபட்ட இரத்தக் குழாயைத் திறக்கும் சிகிச்சையில் நிமிடங்களுக்கு விலை உண்டு. கோவை மருத்துவர் தாமஸ் அலெக்சாண்டரும் பிறரும் தமிழ்நாட்டில் சிறிய மருத்துவமனைகளைப் பெரிய இதய சிகிச்சை மையங்களோடு இணைக்கும் திட்டம் ஒன்றை நடத்தி, 2,420 நோயாளிகளைப் பற்றிய முடிவுகளை 2017-இல் வெளியிட்டனர். ஓராண்டுக்குள் இறந்தோர் விகிதம் 17.6 விழுக்காட்டிலிருந்து 14.2 விழுக்காடாகக் குறைந்திருந்தது. இத்தகைய ஏற்பாட்டின் முதற்படி, நோயாளி முதலில் சேரும் இடத்தில் எடுக்கும் இ.சி.ஜி.தான். அந்தப் படம் தவறானால் அதைத் தொலைவுக்கு அனுப்பும் வேகம் எதற்குப் பயன்?

உழைப்பும் பராமரிப்பும்

நான்காம் அளவுகோலில் குற்றம் பாதி கம்பியுடையது, பாதி நம்முடையது. வேலை முடிந்ததும் கேபிளைக் கருவியின்மீது இறுக்கிச் சுற்றிவைக்கும் வழக்கம் பல இடங்களில் உண்டு. பிளக்கை ஒட்டிய கழுத்துப் பகுதியில் கம்பி மடங்கி மடங்கி உள்ளே முறிகிறது. உறை மட்டும் முழுதாகத் தெரிகிறது. பிறகு கோடு விட்டுவிட்டு வருகிறது. மானிட்டரில் கம்பி கழன்றதாக அடிக்கடி ஒலி எழுகிறது. ஓயாத ஒலியைக் கேட்டுக் கேட்டு உண்மையான அபாய ஒலியையும் காது புறக்கணிக்கிறது.

பவானியில் ஜமக்காளம் நெய்பவரைப் பாருங்கள். நூற்றுக்கணக்கான பாவு இழைகள் ஒன்றோடொன்று சிக்குவதில்லை. ஒவ்வோர் இழைக்கும் விழுதில் ஒரு கண், அச்சில் ஓர் இடைவெளி என்று இடம் குறித்திருக்கிறார்கள். பத்துக் கம்பிக்கு இடம் குறிக்க நம்மால் ஆகாதா?

செய்யத்தக்கவை எளியவை. கேபிளைத் தளர்ந்த பெரிய வளையமாகச் சுருட்டிக் கொக்கியில் மாட்டுக. கம்பியைப் பிடித்து இழுக்காமல் பிளக்கைப் பிடித்துக் கழற்றுக. ஒவ்வொரு நோயாளிக்கும் பிறகு துடைத்து வைக்க. ஒரு மருத்துவமனைக்குள் ஒரே நிற முறையுள்ள கேபிள்களையே வாங்குக. எல்லாவற்றுக்கும் மேலாக, ஒவ்வொரு கம்பியிலும் "வலக் கை", "இடக் கை", "வலக் கால்", "இடக் கால்" என்று தமிழில் ஒரு பட்டை ஒட்டுக. ஆங்கில எழுத்து ஒன்றை மட்டும் பொறித்துவிட்டுப் பதற்ற வேளையில் அதை நினைவுகூரச் சொல்வது நியாயமன்று. வலமும் இடமும் நோயாளியுடையவை, எதிரே நிற்பவருடையவை அல்ல என்பதையும் பயிற்சியில் அழுத்திச் சொல்க. படம் வந்ததும், முதல் நோக்கில் அலைகள் மேல்நோக்கி இருக்கின்றனவா, இரண்டாம் நோக்கு தட்டையாக இல்லாதிருக்கிறதா என்று பார்க்க. ஐயம் எழுந்தால் முதலில் கம்பியைச் சோதிக்க, பிறகு இதயத்தைச் சந்தேகிக்க. ஆனால் அதற்காகச் சிகிச்சையைத் தாமதிக்க வேண்டாம்.

இனி நம் முடிவு: செய்தியைச் சுமப்பதில் இக்கம்பிகளுக்கு உயர்ந்த மதிப்பெண், பாதுகாப்பில் தாமதமாகப் பெற்ற தேர்ச்சி, உழைப்பில் நடுத்தரம், தம் இடத்தைச் சொல்வதில் தோல்வி. இத்தோல்வியை நீக்கப் புதிய கண்டுபிடிப்பு எதுவும் தேவையில்லை. உலகம் இரு முறைகளில் ஒன்றைக் கைவிட்டால் போதும். அது நிகழும்வரை, சில ரூபாய் விலையுள்ள ஒரு தமிழ்ப் பட்டை அந்த வேலையைச் செய்யும்.