ஆனையிறவில் நிற்கும் பேருந்துகள்

நூலுக்கு மட்டுமே விமர்சனம் உரியது என்பாரோடு நாம் உடன்படவில்லை. கல்லிலும் உலோகத்திலும் எழுப்பப்படும் நினைவுச் சின்னமும் ஒரு படைப்பே. அது சொல்ல வந்த பொருள் ஒன்று உண்டு. சொல்லாது விட்டதும் உண்டு. கல்விச் சுற்றுலாவில் வரும் பதினைந்து வயது மாணவர் அதனைப் பாடமாகவே கொள்கின்றனர். ஆதலின் அதனை ஆராய்வது ஆசிரியர் கடனாகும்.

யாழ்ப்பாணக் குடாநாட்டைப் பெருநிலத்தோடு இணைக்கும் ஒடுங்கிய நிலம் ஆனையிறவு. 1991 ஜூலையில் விடுதலைப் புலிகள் இங்கிருந்த இராணுவ முகாமைத் தாக்கினர். கவசமிட்ட புல்டோசர் ஒன்றைத் தடுக்க அதன்மீது ஏறி உயிர்நீத்தார் ஹசலக்கவைச் சேர்ந்த படைவீரர் காமினி குலரத்ன. அந்தப் புல்டோசர் வீதியோரம் காட்சிப் பொருளாக நிற்கிறது. அதே ஆனையிறவில், இலங்கைப் படத்தைக் கைகள் ஏந்தி நிற்கும் வெற்றிச் சின்னமும் உள்ளது. தெற்கிலிருந்து வரும் பாடசாலைப் பேருந்துகள் இங்கே நிற்கின்றன.

அவ்வீரரின் துணிவை நாம் சிறுமைப்படுத்தவில்லை. ஆனால், அச்சமரில் இருதரப்பிலும் நூற்றுக்கணக்கான இளைஞர் மடிந்தனர். புல்டோசரின் உள்ளே இருந்தவனும் ஒரு தாயின் பிள்ளையே. சின்னம் அவனை இயந்திரத்தின் ஓர் உறுப்பாக மட்டுமே காட்டுகிறது. கோப்பாயில் இருந்த புலிகளின் துயிலும் இல்லமோ இடித்தழிக்கப்பட்டது. அந்நிலத்தில் 2011இல் படைப்பிரிவுத் தலைமையகம் திறக்கப்பட்டது. வென்றவனுக்குச் சிலை, தோற்றவனின் தாய்க்கு விளக்கேற்றவும் இடமில்லை எனில், அது வரலாற்றுப் பாடமன்று, அதிகாரத்தின் அறிவிப்பு.

இனி, நம்மையும் இதே அளவுகோலால் அளக்க வேண்டும். 1995 ஜூலை 9இல் நவாலி தேவாலயத்தில் தஞ்சமடைந்திருந்த மக்கள்மீது குண்டு வீழ்ந்ததை நாம் மறக்கவில்லை. அதே ஆண்டு செப்டெம்பர் 22இல் நாகர்கோவில் பாடசாலையில் மாண்ட பிள்ளைகளையும் மறக்கவில்லை. மறக்கவும் கூடாது. ஆனால் யாழ்நகரின் சோனகதெருவுக்கு நம் மாணவரை எத்தனை ஆசிரியர் அழைத்துச் சென்றுள்ளனர்? 1990 அக்டோபர் 30ஆம் நாள், தலைமுறை தலைமுறையாய் அங்கு வாழ்ந்த முஸ்லிம் மக்களை இரண்டே மணி நேர அவகாசத்தில் புலிகள் வெளியேற்றினர். வீட்டையும் கடையையும் விட்டு அவர்கள் நடந்தனர். பள்ளிச் சீருடையைக் களைந்து துப்பாக்கி ஏந்த வைக்கப்பட்ட சிறாரைப் பற்றியும் நாம் தாழ்ந்த குரலிலேயே பேசுகிறோம். பிறர் மௌனத்தைக் கண்டிக்கும் நாம் நமது மௌனத்தைப் போற்றுவது நேர்மையாகாது.

ஆனையிறவு, நாகர்கோவில், கோப்பாய், நவாலி, சோனகதெரு: ஒரே நாளில் சென்று வரத்தக்க இடங்களே இவை. தெற்கிலிருந்து வரும் பேருந்தும், யாழ்ப்பாணத்திலிருந்து புறப்படும் பேருந்தும் இவ்வைந்திலும் நிற்க வேண்டும். ஒவ்வோரிடத்திலும் மாணவர் இரு வினாக்களை எழுப்பட்டும்: இங்கு யாருடைய பெயர் இருக்கிறது? யாருடைய பெயர் இல்லை? விடையை நாம் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. வினாவுக்கு அஞ்சி அவர்கள் வாயை அடைக்காதிருந்தாலே போதும்.