படகு நிற்காத நரகம்

சிங்கப்பூர் ஹா பார் வில்லாவின் ‘டிராகன் வேர்ல்டு’ கேளிக்கைப் பூங்கா தோற்றதற்கு நுழைவுக் கட்டணமே காரணம் என்று இன்றும் சிலர் வாதாடுகிறார்கள். பெரியவர்களுக்கு 16 வெள்ளி. அதுவரை காசில்லாமல் போய்வந்த தோட்டத்துக்கு அது அதிகம்தான். ஆனால் கட்டணத்தைக் குறைத்திருந்தாலும் அதன் படகுச் சவாரி தேறியிருக்காது.

சிங்கப்பூரிலிருந்து ஊர் திரும்புகிறவர்களின் பெட்டியில் தவறாமல் இருக்கும் டைகர் பாம் டப்பாவை நாம் அறிவோம். அந்தத் தைலத்தை விற்றுச் செல்வரான ஆவ் பூன் ஹா 1937இல் கட்டிய தோட்டம்தான் ஹா பார் வில்லா. சீனப் புராணக் கதைகளைச் சிமெண்டுச் சிலைகளாக வடித்து வண்ணம் பூசி நிறுத்தியிருந்தார். வெயிலிலும் மழையிலும் அவை சிதைந்தன, செப்பனிட வேண்டியிருந்தது, அதை மறுப்பதற்கில்லை. சுமார் 8 கோடி வெள்ளி செலவில் புதுப்பித்து, 1990இல் டிராகன் வேர்ல்டு என்ற கேளிக்கைப் பூங்காவாகத் திறந்தார்கள். அதுவும் நல்லதுதான்.

தவறு வேறிடத்தில் நடந்தது. தோட்டத்தின் உயிர் நரகத்தின் பத்து மன்றங்கள். நம் கருட புராணத் தண்டனைகளைப் போலவே குற்றத்துக்கொரு தண்டனை அங்கே உண்டு. வதந்தி பரப்பியவரின் நாக்கைப் பிடுங்குகிறார்கள். புத்தகத்தைப் பாழாக்கியவரையும் சோற்றை வீணாக்கியவரையும் ரம்பத்தால் இரண்டாக அறுக்கிறார்கள். மக்கள் நடந்து நடந்து பார்த்த இந்த மன்றங்களை, 60 மீட்டர் நீள டிராகனின் வயிற்றுக்குள் படகில் உட்கார்ந்து கடக்கும் காட்சிகளாக்கினார்கள்.

சோற்றைக் கொட்டினால் என்ன ஆகும் என்று ஒரு தாய் பிள்ளைக்குக் காட்டிச் சொல்ல அரை நிமிடமாவது வேண்டும். பிள்ளை பயந்து முகத்தைப் புதைத்துக்கொள்ளும், பிறகு விரலிடுக்கில் எட்டிப் பார்க்கும், “அவர் என்ன தப்பு செய்தார்?” என்று கேட்கும். அதற்குள் படகு அடுத்த மன்றத்துக்குப் போய்விடும்.

இதற்கு நேர்மாறாக, காஞ்சி வைகுண்டப் பெருமாள் கோயிலின் திருச்சுற்றில் பல்லவர் வரலாறு வரிசையாகச் செதுக்கப்பட்டிருக்கிறது. ஐயம்பேட்டையிலிருந்து சேலை கொடுக்க வரும் நெசவாளர் ஒருவர், பன்னிரண்டு வயதில் ஆட்சிக்கு வந்த இரண்டாம் நந்திவர்மனின் முடிசூட்டு விழாவுக்கு முன் எவ்வளவு நேரமும் நிற்கலாம். மணற்கல்லில் தேய்ந்துபோன முகங்களை உற்றுப் பார்க்கலாம். சந்தேகம் வந்தால் இரண்டு காட்சி பின்னால் போய், அந்தச் சிறுவனை அழைத்துவரப் போனவர்கள் யாரென்று மறுபடி பார்க்கலாம். கதை சொல்லும் சிற்பம் பார்ப்பவரின் கால்களை நம்பிச் செதுக்கப்பட்டது. அந்தக் கால்களைக் கட்டிப்போட்டுவிட்டு விளக்கும் ஒலியும் எத்தனை சேர்த்தாலும் ஈடாகாது.

சவாரி இருந்தால்தான் இளையவர்கள் வருவார்கள் என்ற பேச்சு நம்மூர்ச் சுற்றுலாத் திட்டங்களிலும் கேட்கிறது. அப்படிப் பேசுகிறவர்கள் கூட்டத்தை எண்ணுகிறார்கள். ஒருவர் ஒரு சிலைக்கு முன் எவ்வளவு நேரம் நின்றார் என்று ஒருநாளும் எண்ணியதில்லை. டிராகன் வேர்ல்டு அந்தக் கணக்கில் கட்டப்பட்டது, அந்தக் கணக்கிலேயே நட்டத்தில் மூழ்கியது.

டிராகனைப் பின்னர் இடித்துவிட்டார்கள். பத்து மன்றங்கள் 2021 அக்டோபரில் திறந்த நரக அருங்காட்சியகத்தின் பகுதியாக இப்போது இருக்கின்றன. அதற்கும் கட்டணம் உண்டு. கட்டணம் கொடுத்து உள்ளே போகிறவர்கள் மன்றம் மன்றமாக நடந்தே பார்க்கிறார்கள்.