பெருநாளும் முடைச்சலும்

பிறைக் கணக்கால் ஆண்டுதோறும் ஏறத்தாழ 11 நாள் முன்னகரும் நோன்புப் பெருநாள், 2017, 2018 ஆம் ஆண்டுகளில், குற்றாலச் சாரற் பருவமாகிய ஆனியிலேயே அமைந்தது. தென்காசி வட்டாரத்தார் வறியவர்க்கு ஃபித்ரா அரிசி அளந்து, புத்தாடையணிந்து தொழுது, ஆலிங்கனம் செய்துகொள்ள அதனினும் ரம்மியமான காலம் ஏது? ஆயினும் என் சிந்தையை அதிகம் கவர்வது, அவ்வட்டாரத்துக் கடையநல்லூர் நெசவாளர் பலர் ஜீவனத்தின் பொருட்டுக் கடல் கடந்து குடியேறிய சிங்கப்பூரில், மலாய் அண்டை வீட்டார் பெருநாளுக்குச் சமைக்கும் கெத்துப்பாட் என்னும் அன்னமே. இளந்தென்னங்குருத்தை ஊடும் பாவுமாக முடைந்த சிறு கூட்டில் பாதியளவே அரிசியிட்டு மணிக்கணக்கில் வேகவைக்க, விரிய இடமின்றி நெருங்கிய பருக்கைகள் கத்தியால் அரியத்தக்க கட்டியாகத் திரண்டு, குருத்தோலையின் சுகந்தத்தையும் முடைச்சலின் தடத்தையும் மேனியில் ஏற்று வெளிவருகின்றன. இழை பிசகாமல் தறியில் சேலை நெய்தவர்களின் கண், அக்கூட்டின் நேர்த்தியில் ஒரு கணமேனும் லயியாமல் இருந்திருக்குமா?