மயிலாப்பூரில் நரி

மயிலாப்பூரில் நரி திரிந்தது என்றால் நம்புவீர்களா? நூறு வருஷத்துக்கு முன்னால் அங்கே புதர்க்காடு. நரி, வெளிமான், ஏகப்பட்ட பறவைகள். அதற்கு நடுவே கீரிப்பிள்ளை வளர்த்துக்கொண்டு திரிந்த பையன்தான் மா. கிருஷ்ணன் (1912-1996). 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய அ. மாதவையாவின் கடைசிப் பிள்ளை.

பிரசிடென்ஸி கல்லூரியில் தாவரவியல் பேராசிரியர் ஃபைசனோடு நீலகிரி, கொடைக்கானல் என்று சுற்றினார். வாட்டர்கலர் சொல்லிக்கொடுத்தது ஃபைசனின் மனைவி. பிற்பாடு கல்கத்தா 'ஸ்டேட்ஸ்மன்' பத்திரிகையில் 1950-லிருந்து கடைசி வரை, 46 வருஷம் பத்தி எழுதினார். படமும் அவரே போட்டார்.

அவருடைய தமிழ்க் கட்டுரைகளை சு. தியடோர் பாஸ்கரன் 'மழைக்காலமும் குயிலோசையும்' என்று தொகுத்திருக்கிறார். படித்துப் பாருங்கள், வரைகிற கைதான் எழுதியிருக்கிறது என்பது தெரியும். கரிச்சானை நாம் இரட்டைவால் குருவி என்கிறோம். பென்சிலை எடுத்து அதை வரைய உட்காருங்கள். நுனியில் பிளந்து, வெளிப்பக்கம் வளைந்த ஒரே வால் என்பது அப்போதுதான் உறைக்கும். கிருஷ்ணன் எழுத்தின் பலம் அந்தப் பழக்கம். வர்ணனை கம்மி, பார்த்தது ஜாஸ்தி.

குறையும் உண்டு. இந்தப் புத்தகத்தை வைத்துக்கொண்டு, எதிரே உட்கார்ந்திருக்கும் குருவிக்குப் பேர் கண்டுபிடிக்க முடியாது. அதற்கு 1941-ல் சலீம் அலி போட்டது மாதிரி வண்ணப்படக் கையேடு வேண்டும். தவிர, பல கட்டுரைகள் 'இன்னும் கொஞ்சம் சொல்லேன்' என்னும்போது முடிந்துவிடுகின்றன.

இதையெல்லாம் இப்போது சொல்லக் காரணம் ஒரகடம். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து அங்கே போகிற வழியில், கார் கம்பெனிகளின் காம்பவுண்டுச் சுவர்களைத் தாண்டி இன்னும் ஏரிகள் மிச்சமிருக்கின்றன. கரையில் கொக்கு, கரண்ட் கம்பியில் கரிச்சான். கிருஷ்ணனின் மயிலாப்பூர் இப்போது அங்கே இருக்கிறது, கொஞ்ச நாளைக்கு. அங்கே வளர்கிற பிள்ளைகள் கையில் செல்போன். 'க்ளிக்', அரை செகண்டில் கொக்கைப் பார்த்தாச்சு. வரைந்தால் அரைமணி ஆகும். அந்த அரைமணியில்தான் கொக்கு எவ்வளவு ஆழத்தில் நிற்கிறது, எதைப் பிடிக்கிறது, யார் வந்தால் பறக்கிறது என்பதெல்லாம் புரியும். நாளைக்கு ஏரி சுருங்கினால், போனது என்ன என்று சொல்ல நாலு பேராவது வேண்டாமா?

உங்கள் வீட்டில் பத்து வயசில் ஒன்று இருந்தால், இந்தப் புத்தகத்தோடு ஒரு பென்சிலும் நாற்பது பக்க நோட்டும் வாங்கிக்கொடுங்கள். வரைந்த காக்கா காக்கா மாதிரி இல்லாவிட்டால் பரவாயில்லை.